பழைய காரை ஓட்டிட்டு வரணுமா, ஏத்திட்டு வரணுமா?

1/ சென்னை–புதுச்சேரி ஈசிஆரில் வின்டேஜ் கார்கள் வரிசையா போறதை பெரிய முதலியார்சாவடி பக்கம் சிலர் பார்த்திருப்பீங்க. "லாரியில ஏத்திட்டு வந்தா அது காரா, பொம்மையா?"ன்னு ஓட்டுறவங்க கேட்பாங்க. நியாயமான கேள்விதான்.

2/ சட்டமும் அவங்க பக்கம். 2021 மத்திய விதிப்படி, 50 வருஷம் தாண்டி 'விஏ' பதிவு பெற்ற வண்டியை தினசரி ஓட்டக் கூடாது. ஆனா கண்காட்சி, பேரணிக்குப் போய்வரலாம்.

3/ உடம்பு சட்டம் பார்க்காது. 1950கள் காரில் பெரும்பாலும் சீட் பெல்ட் இல்லை. மோதினா ஸ்டீயரிங் தண்டு மடங்காது, நேரா நெஞ்சுல இடிக்கும். "கெட்டியான பாடி, ஒண்ணும் ஆகாது" என்பது தப்பு. பாடி நசுங்காவிட்டால் அந்த அதிர்ச்சியை உள்ளே இருப்பவர்தான் வாங்கணும்.

4/ பழைய டிரம் பிரேக், இன்றைய கார் நிற்கும் தூரத்தில் நிற்காது. மரக்காணம் பக்கம் உப்பளத்துக்கு சைக்கிளில் ரோட்டைக் கடப்பவர் உங்க பேரணியில சேரலை. அவர் உயிரும் இதில் இருக்கு.

5/ என் கருத்து: நெடுஞ்சாலையை லாரியில் தாண்டுங்க. கடைசி சில கிலோமீட்டரை காலையிலேயே, நெரிசலுக்கு முன், மெதுவா ஓட்டுங்க. முன் சீட்டில், மடியில் குழந்தை வேண்டவே வேண்டாம்.

வின்டேஜ் கார் வச்சிருக்கும் நண்பர் இருந்தா இதைக் காட்டுங்க.