வன்னியின் வழியை வகுப்பவர் யார்?

தெற்கிலிருந்து குளிரூட்டிய பஸ் வண்டியில் ஏறி, ஏ-9 வீதியால் வந்த உல்லாசப் பயணிக்கு, 2009ஆம் ஆண்டின் பின்னர், வன்னி என்ற பெயரில் காட்டப்பட்டவை எவை? கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கி. அதன் அருகே நினைவுப்பொருள் விற்கும் கடை. நகரின் நடுவே வெற்றிச் சின்னம். புதுக்குடியிருப்புக் காட்டினுள் ஒரு நிலத்தடி மறைவிடம்; அதுவும் 2013ஆம் ஆண்டு வெடிவைத்துத் தகர்க்கப்படும் வரையிலேதான். முல்லைத்தீவுக் கரையில் 2006 டிசெம்பரில் தரைதட்டிய பாரா-3 என்னும் ஜோர்தானியக் கப்பலின் துருவேறிய உடல். பொழுது சாய்ந்தால் இளைப்பாறுவதற்கு, நந்திக்கடலோரத்தில் இராணுவத்தினர் 2012இல் திறந்த விடுதி. இத்தனையும் கண்டு களித்தவர் ஒரு வன்னிக் கமக்காரனின் முற்றத்தில் கால் வைத்ததுண்டா? ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்ததுண்டா? வந்தார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள். புழுதி எமக்கு, பணம் பிறர்க்கு.

வடக்கிற்கு உல்லாசப் பயணத்தைக் கொண்டுவருவோம் என்று இன்றும் பேசுகின்றனர். வரட்டும், நாம் வாசலை அடைப்பவர் அல்லர். ஆனால், அவர்கள் எந்த வழியால் வருவார்கள், எங்கே நிற்பார்கள், யாருடைய வீட்டில் உண்பார்கள் என்பதை வகுக்கும் உரிமை எவருடையது என்ற கேள்விக்கு விடை வேண்டும். அவ்வுரிமை வன்னி மக்களுடையதே என்கிறோம். அதற்கு ஏற்ற வாகனம் யாதெனில், அது துவிச்சக்கர வண்டியே என்றும் துணிந்து கூறுகிறோம்.

(தேர்தற் காலத்தில் சுவர்களில் ஒட்டப்படும் சைக்கிளைச் சொல்லவில்லை. அது வேறு; வீதியில் ஓடும் சைக்கிளே நமது பொருள். அன்பர்கள் எவரும் ஐயுற வேண்டியதில்லை.)

பஸ்ஸில் வருபவன் காலையில் வவுனியாவைக் கடந்தால் நண்பகலில் யாழ்ப்பாணத்தில் இருப்பான். இடையிலே முறிகண்டிப் பிள்ளையார் முன்றலில் ஒரு தேங்காயை உடைத்து, ஒரு பொதி கச்சான் வாங்குவதோடு வன்னிக்கும் அவனுக்கும் உள்ள உறவு அற்றுப்போகும். சைக்கிளில் வருபவன் நிலை அத்தகையதன்று. நாளொன்றுக்கு அவன் போகக்கூடியது 50, 60 கிலோமீற்றர். அதற்குள் பலமுறை தண்ணீர் வேண்டும். இருமுறை சோறு வேண்டும். சில்லு காற்றுப் போனால் ஒட்டித்தர ஒருவர் வேண்டும். இருட்டுமுன் படுக்கப் பாயும் கூரையும் வேண்டும். அவன் தேவை ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் வருமானம். அதற்குப் பல கோடி ரூபாய் முதலீடு தேவையில்லை; ஒரு குடும்பம் தன் வீட்டில் ஓர் அறையை வெள்ளையடித்து, கிணற்றடியைத் துப்புரவாக வைத்திருந்தாலே தொடங்கிவிடலாம். ஐந்து நட்சத்திர விடுதி கட்டுபவனுக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

சைக்கிளைப் பற்றி வன்னிக்கு வெளியாள் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு, எரிபொருளும் பற்றரியும் சவர்க்காரமும்கூடத் தடைப்பட்ட காலத்தில், இம்மக்களைச் சுமந்தது எது? நெல் மூட்டையையும் விறகையும் நோயாளியையும் பள்ளிப் பிள்ளையையும் சுமந்தது சைக்கிள். வண்டியை நிமிர்த்தி வைத்துச் சில்லைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்ட சமூகம் இது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்த கொழும்பு மாநகரம் சைக்கிளைப் புதிதாகக் கண்டுபிடித்தது. வன்னியோ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதில் பட்டம் பெற்றிருந்தது.

இனி வழியைச் சற்று விரித்துச் சொல்வோம். சொல்லாது விட்டால், பகற்கனவு என்று தள்ளிவிடுவார்கள்.

பயணி புகையிரதத்தில் மாங்குளம் வந்து இறங்குகிறான். கிழக்கே முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காட்டு வழி. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில். அதற்கு அண்மையில் கற்சிலைமடு. 1803ஆம் ஆண்டு முல்லைத்தீவுக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரைத் தாக்கி ஓட்டிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் வொன் டிறிபேர்க் என்ற படைத்தலைவனிடம் இங்கே தோற்றான் எனப் பொறித்த கல் நின்ற இடம் அது. தோற்றவனை ஊர் நெஞ்சில் வைத்திருக்கிறது. வென்றவன் பெயரைக் கல்தான் வைத்திருந்தது. வெற்றிச் சின்னம் நாட்டுவோர் ஒருமுறை இங்கு வந்து பார்த்துச் செல்வது நன்று. அப்பால் தண்ணீரூற்று, முள்ளியவளை. நந்திக்கடலோரம் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன். பிறகு முல்லைத்தீவுக் கடல்.

அங்கிருந்து தெற்கே ஒரு கிளைவழி. சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் என்று கடலும் களப்பும் வயலும் மாறிமாறி வரும். 1984 டிசெம்பரில் இந்தக் கரையோரக் கிராமங்களின் மக்கள் விரட்டப்பட்டு, பல்லாண்டுகள் அகதிகளாய் அலைந்தார்கள் என்பதையும் பயணி அங்கேயே கேட்டறியலாம். மீண்டும் வடக்கே திரும்பினால் வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, பின் மேற்கே விசுவமடு, தருமபுரம், பரந்தன், அங்கிருந்து வயல்வெளியூடாகப் பூநகரிக் கோட்டை, தெற்கே முழங்காவில், வெள்ளாங்குளம், கிழக்கே துணுக்காய், மல்லாவி, பாலியாற்றை மறித்த வவுனிக்குளம், முடிவில் மாங்குளம். கிளைவழிகளை நீக்கினால் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வட்டம். நான்கைந்து நாட் பயணம். மலையேற்றம் இல்லை. மெல்ல ஏறி மெல்ல இறங்கும் நிலம். ஏறினால் காடு, இறங்கினால் குளம், குளத்தின் கீழ் வயல்.

பருவம் அறியாமல் அழைத்துவிட்டு அவப்பெயர் தேடக்கூடாது. தை, மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு உரியவை. மாரி ஓய்ந்து, குளங்கள் நிறைந்து, காலபோக நெல் அறுவடையாகும் காலம். வைகாசிக்குப் பின் சோளகம் எழும். அப்போது முல்லைத்தீவிலிருந்து மேற்கு நோக்கி மிதிப்பவன் இரு கால்களாலும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் பாலைப்பழம் தின்ன ஆசைப்படுபவன் அந்தக் காற்றைப் பொறுத்துத்தான் ஆகவேண்டும்! யானை நடமாடும் வழிகளில் பொழுதுபட்டபின் ஓடக்கூடாது. கண்ணிவெடி அபாயப் பலகை நிற்கும் இடத்தில் வீதியை விட்டு ஓரடியும் இறங்கக்கூடாது. முகமாலைப் பக்கத்தில் அந்தக் கொடிய விதைப்பை அகற்றும் வேலை போர் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும் நீண்டது என்பதை மறவாதீர்கள்.

இங்கே ஒரு சாரார் எழுந்து, “எங்கள் பிள்ளைகள் மடிந்த மண்ணில் வேடிக்கை பார்க்க வழி வெட்டுகிறீரா?” என்று கேட்பார்கள். அவர்கள் கேள்வியை நாம் இகழோம். அது புண்பட்ட நெஞ்சின் கேள்வி. ஆனால் விடை உண்டு. ஜெர்மனியில் பேர்லின் மதில் நின்ற தடத்தில் இன்று ஏறத்தாழ 160 கிலோமீற்றர் சைக்கிள் பாதை ஓடுகிறது. மதிலைத் தாண்ட முயன்று சுடப்பட்டவர்களின் பெயரும் படமும் வழிநெடுக நிற்கின்றன. அதனைக் கண்டு பயணி தலைகுனிந்து போகிறான், கும்மாளமடித்துப் போவதில்லை. அங்கே மாண்டவர் பெயர் நிற்கிறது. இங்கே துயிலுமில்லங்கள் இடித்து நிரவப்பட்டன. வழியை அவர்கள் வகுத்தால் வெற்றிச் சின்னம் மட்டுமே தெரியும். நாம் வகுத்தால், 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மாரின் கதையும் தெரியும். தம் நிலத்தைக் கேட்டு வீதியோரத்தில் ஒரு மாதம் கிடந்து, அவ்வாண்டு மார்ச் முதலாம் நாள் பிலக்குடியிருப்பு மண்ணில் மீண்டும் கால்பதித்த கேப்பாப்பிலவு மக்களின் கதையும் தெரியும். முள்ளிவாய்க்காலில் எங்கே நிற்கலாம், எங்கே படம் பிடிக்கலாகாது என்பதை, உற்றாரை அங்கு பறிகொடுத்த குடும்பங்களே முடிவுசெய்யட்டும். அவர்கள் வேண்டாமென்றால், பாதை அவ்விடத்தை விலகிச் செல்லட்டும்.

இன்னொரு சாரார், “காப்பெற் வீதி வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?” என்பர். குறை வீதியின் ஓரத்தில் இருக்கிறது. வேகம் கூடிற்று, சைக்கிளுக்கு உரிய இடம் கூடவில்லை. காலையில் புத்தகப் பையோடு போகும் மாணவி, பின்னால் ஊதிக்கொண்டு வரும் பஸ்ஸுக்கு அஞ்சி மணலிலே இறங்குகிறாள். மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகும் கமக்காரனுக்கும் அதே கதிதான். இவர்களுக்கு ஓர் ஓரப்பாதை போட மனமில்லாதவர்கள், வெள்ளைக்காரப் பயணிக்குச் சைக்கிள் வழி போடுவோம் என்றால் அதனை நாம் எதிர்ப்போம். உள்ளூர்ப் பிள்ளை அச்சமின்றி ஓடும் வீதியிலேயே வெளியூரானும் ஓடட்டும். முதலில் நம் பிள்ளை, பிறகே விருந்தாளி.

யார் செய்வது என்று கேட்டால், பொறுப்பு மூன்றாகச் சிதறிக் கிடக்கிறது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். சி, டி தர வீதிகள் மாகாணத்தின் கையில். ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபைகளின் கையில். மாகாண சபையோ 2013இல் தெரிவாகி 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்து கலைந்தது. ஆனால், 2025 மே 6ஆம் நாள் வாக்களித்து நாம் தெரிந்த பிரதேச சபைகள் உண்டே! கரைச்சியும் பூநகரியும் பச்சிலைப்பள்ளியும், கரைதுறைப்பற்றும் புதுக்குடியிருப்பும், துணுக்காயும் மாந்தை கிழக்கும், வவுனியா வடக்கும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு வரைபடத்தை வரைவதற்கு எந்த அமைச்சரின் உத்தரவு வேண்டும்?

பெல்ஜியத்தின் லிம்பேர்க் மாநிலம் நிலக்கரிச் சுரங்கங்களால் வாழ்ந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1992இல் கடைசிச் சுரங்கமும் மூடிற்று. ஹூகோ பொலன் என்ற சுரங்கப் பொறியியலாளர், இருக்கும் சிறு வீதிகளையும் ஒழுங்கைகளையும் இணைத்து, சந்திக்குச் சந்தி ஓர் இலக்கம் இட்டு, அவ்விலக்கங்களைப் பின்பற்றிச் சைக்கிளில் போகும் முறையை வகுத்தார். 1995இல் அது திறக்கப்பட்டது. பின்னர் நெதர்லாந்தும் அம்முறையைக் கைக்கொண்டது. புதிய பெருந்தெரு வெட்டவில்லை. இலக்கப் பலகைகள் நட்டார்கள். வன்னியில் சந்திக்கா பஞ்சம்?

ஆனால் பலகையில் என்ன எழுதுவது என்பது இந்நாட்டில் சிறு விடயமன்று. மணலாறு 1988இல் வெலிஓயா ஆன கதையை அறிந்தவர்கள் நாம். வழிகாட்டிப் பலகையில் முதலெழுத்தை எழுதுபவன் நாளை காணிப் படத்திலும் பெயரை எழுதுவான். ஆகவே பலகைகளை நடுபவை நம் பிரதேச சபைகளாகவே இருத்தல் வேண்டும். ஊரின் பெயர் ஊரார் வழங்கும் தமிழிலேயே முதலில் இருத்தல் வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் அதன்கீழ் வரட்டும். வருபவர்க்கும் வழி தெரிய வேண்டுமன்றோ?

குற்றம் முழுவதும் கொழும்பின் தலையில் என்று சொல்லித் தப்பிக்கவும் நாம் விரும்பவில்லை. நம்மவரிடையே சைக்கிள் ஏழையின் அடையாளமாகிவிட்டது. தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள் எடுத்து, தவணை கட்ட நெல்லை அடிவிலைக்கு விற்கும் இளைஞர் எத்தனை பேர்! வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சிலர் கடற்கரையில் காணி வாங்கி மதில் எழுப்பத் துடிக்கின்றனர். அக்காணி வழியாக மீனவன் வலை காயப்போடப் போவான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. படித்த உத்தியோகத்தரோ, கூட்டத்தில் சுற்றாடலைப் பற்றிப் பேசிவிட்டு, அரை மைல் தொலைவிலுள்ள வீட்டுக்கு வாகனத்தில் போகிறார்.

கமக்காரரும் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்பட்டிருந்தபோது மிளகாயும் வெங்காயமும் வன்னியை நிமிர்த்தின. 1977இன் பின் கதவு திறக்கப்பட்டதும் அந்த விலை சரிந்தது. உல்லாசப் பயணமும் அத்தகையதே. 2020இல் ஒரு நோய் வந்து உலகத்தின் விடுதிகளையெல்லாம் பூட்டிற்று. ஆகவே வயலை விற்று விடுதி கட்டாதீர்கள். வயல் இருக்கட்டும், மாடு இருக்கட்டும். தயிரும் தேனும் குளத்து மீனும் பயணியின் இலையில் வீழட்டும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் விலையை ஒரே சீராக வைத்து, வீட்டுக்கு வீடு முறைவைத்து விருந்தாளியை அனுப்பினால், ஒருவரை ஒருவர் வெட்டி விலை குறைக்கும் இழிநிலை வராது.

அடுத்த சபைக் கூட்டத்தில் உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள்: வரைபடம் எங்கே? பொறியியலாளரும் நில அளவையாளரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குத் தாருங்கள். கமக்காரர் அமைப்புகள் எந்த ஒழுங்கை மாரியில் வெள்ளத்தில் மூழ்கும், எந்த அணைக்கட்டில் மாடு மறிக்கும், எந்த வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு என்று எழுதிக் கொடுக்கட்டும். புகையிரதத்தில் சைக்கிள் ஏற்ற ஒரு பெட்டி வேண்டுமென்று நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து கேட்கட்டும். மாரி ஓய்ந்து வீதி காய்வதற்குள், முதலாம் இலக்கப் பலகை மாங்குளச் சந்தியில் நின்றாக வேண்டும்.