படத்தில் காணாத ரொட்டி

வீட்டில் பதினைந்து, பதினாறு பிராயத்தில் பெண்ணோ பிள்ளையோ இருந்தால், 'ஹங்கர் கேம்ஸ்' என்ற பெயர் உங்கள் காதில் விழாமல் இருந்திராது. தமிழில் 'பசி விளையாட்டு' என்று வைத்துக்கொள்ளலாம். பெயரிலேயே இரண்டு சமாசாரம் இருக்கிறது, பாருங்கள்: ஒன்று பசி, மற்றொன்று விளையாட்டு. புத்தகத்தில் இரண்டும் சரிசமமாக இருக்கின்றன. சினிமாவில் விளையாட்டு பிரமாதமாக வந்திருக்கிறது. பசிதான் பாதி வழியில் நின்றுவிட்டது!

கதையை எழுதியவர் ஸுஸான் காலின்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. முதல் புத்தகம் 2008-ல் வந்தது. அடுத்தவை 2009, 2010-ல். இந்த மூன்றுக்கும் முந்தைய காலத்துச் சம்பவங்களை வைத்து 2020-லும் 2025-லும் மேலும் இரண்டு எழுதினார். ஒரு நாள் இரவு அவர் டெலிவிஷனில் நிலையங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்றில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டி போடுகிறார்கள். இன்னொன்றில் ஈராக் யுத்தத்தின் நிஜக் காட்சிகள். களைத்த கண்களுக்கு இரண்டும் ஒன்றோடொன்று கலந்து போயின. அந்தக் கலக்கத்தில்தான் கதை உதித்தது.

இன்னொரு விதை கிரேக்க புராணம். ஆதென்ஸ் நகரத்தார் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் கிரீட் தீவிலிருந்த மாட்டுத்தலை அரக்கனுக்கு இரையாக அனுப்பவேண்டியிருந்தது. இதைக் கேட்டதும் உங்களுக்குப் பகாசுரன் ஞாபகம் வரும். ஏகசக்கரபுரத்தில் வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துப் போகவேண்டிய அவஸ்தையும், அந்த ஏழைப் பிராமணர் வீட்டில் "நான் போகிறேன், நீ போகாதே" என்று எழுந்த அழுகையும் நாம் அறியாததா?

காலின்ஸ் அம்மையாரின் கதையிலும் இப்படி ஒரு முறை உண்டு. வருங்காலத்தில், அழிந்து போன வட அமெரிக்காவில், பானெம் என்று ஒரு தேசம். லத்தீன் பாஷையில் அந்தச் சொல்லுக்கு ரொட்டி என்று பொருள். ஜனங்களுக்கு ரொட்டியும் வேடிக்கையும் கிடைத்துவிட்டால் வேறு எதையும் கேட்கமாட்டார்கள் என்று பழைய ரோமாபுரிக் கவி ஒருவர் பரிகாசம் செய்தாரல்லவா, அதிலிருந்து எடுத்த பெயர். தலைநகரில் தின்று தின்று அலுத்துப் போன சீமான்கள். சுற்றிலும் பன்னிரண்டு ஏழை மாவட்டங்கள். வருஷந்தோறும் மாவட்டத்துக்கு ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். இருபத்து நான்கு பேரும் ஒருவரையொருவர் கொன்று ஒருவர் மட்டும் மிஞ்சவேண்டும். தேசம் முழுவதும் அதை டெலிவிஷனில் பார்த்தாகவேண்டும்!

இனிமேல்தான் குடும்பஸ்திரீகள் கவனிக்கவேண்டிய கணக்கு. பன்னிரண்டு வயதானால் குடுவையில் ஒரு சீட்டு, பதின்மூன்றில் இரண்டு, பதினெட்டில் ஏழு. இதோடு போகவில்லை. வீட்டில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வேண்டுமா? பிள்ளையின் பெயரில் இன்னொரு சீட்டு எழுதிப் போடு! பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கதாநாயகி காட்னிஸ் சுரங்க விபத்தில் தகப்பனாரை இழந்தவள். தாய்க்கும் தங்கைக்கும் தனக்குமாகத் தானியம் வாங்கி வாங்கி, பதினாறு வயதில் அவள் பெயரில் இருபது சீட்டு. ஐந்து பேர் உள்ள குடும்பத்தைத் தாங்கும் அவள் தோழன் கேலுக்கு நாற்பத்திரண்டு! அப்படியும் குலுக்கலில் வந்தது, ஒரே சீட்டு வைத்திருந்த பன்னிரண்டு வயதுத் தங்கையின் பெயர். அவளுக்குப் பதிலாக அக்காள் முன்வருகிறாள்.

2012-ல் வந்த முதல் படத்திலும் இந்த நாற்பத்திரண்டு உண்டு. ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் பேச்சோடு பேச்சாகப் போய்விடுகிறது. ரொட்டிக்கடைக்காரரின் பிள்ளை பீட்டா, பட்டினியில் சுருண்டு கிடந்த காட்னிஸுக்காக ரொட்டியை வேண்டுமென்றே கருகவிட்டு, தாயாரிடம் அடியும் வாங்கிக்கொண்டு, மழையில் அவள் பக்கம் எறிகிறானே, புத்தகத்தில் அது நெஞ்சை உருக்கும். படத்தில் மின்னல் மாதிரி வெட்டி மறைகிறது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொரு ரொட்டி. போட்டிக் களத்தில் காட்னிஸுக்குத் துணையாக இருந்த ரூ என்ற சிறு பெண் இறந்து போகிறாள். காட்னிஸ் அந்தக் குழந்தையின் உடலைப் பூக்களால் அலங்கரித்து விடை கொடுக்கிறாள். புத்தகத்தில் அதற்குப் பிறகு வானத்திலிருந்து ஒரு சிறு பாராசூட் இறங்குகிறது. உள்ளே ஒரு ரொட்டி. ரூவின் மாவட்டத்தார் அனுப்பியது! களத்துக்குள் எதை அனுப்பினாலும் கொள்ளை விலை. தாங்களே பட்டினி கிடக்கும் ஜனங்கள், காசு சேர்த்து, வேறு மாவட்டத்துப் பெண்ணுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன் எந்த மாவட்டமும் அப்படிச் செய்ததில்லை. படத்தில் இந்த ரொட்டி இல்லை. அதற்குப் பதில் ரூவின் மாவட்டத்தில் பெரிய கலகம், அடிதடி. பார்ப்பதற்கு விறுவிறுப்புத்தான். ஆனால் அந்த ஒரு ரொட்டி செய்த காரியத்தை அத்தனை அடிதடியும் செய்யவில்லை.

வேடிக்கையைக் கேளுங்கள். 2013-ல் இரண்டாவது படம் வந்தபோது ஓர் அழகுச் சாதனக் கம்பெனி, தலைநகரத்துச் சீமாட்டிகளின் பெயரில் உதட்டுச் சாயமும் கண் மையும் விற்றது. ரொட்டிக்குள் கறியும் காயும் வைத்து விற்கும் பெரிய கடைக்காரர்களும் சேர்ந்து விளம்பரம் செய்தார்கள். படத்திலிருந்து விடுபட்ட ரொட்டி விளம்பரத்தில் வந்து சேர்ந்தது!

ஆனாலும் சினிமாவை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஜெனிபர் லாரன்ஸ் காட்னிஸாகவே வாழ்ந்திருக்கிறார். மூன்று விரல்களை உதட்டில் வைத்து, பிறகு உயர்த்திக் காட்டும் சைகை ஒன்று கதையில் உண்டு. பிரியமானவர்களுக்கு நன்றியும் விடையும் சொல்லும் சைகை அது. படத்தில் அதைக் கண்ட ஜனங்கள் தங்கள் சொந்தத் துயரத்துக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். தாய்லாந்தில் 2014-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மாணவர்கள் பிரதம மந்திரியின் எதிரிலேயே அந்த மூன்று விரல்களைக் காட்டிக் கைதானார்கள். பர்மாவில் 2021-ல் வீதியெங்கும் அதே சைகை. எழுத்தில் மட்டும் இருந்திருந்தால் ஒரு சைகை இத்தனை தூரம் போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆகையால் பிள்ளைகளைப் படம் பார்க்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சற்று வளர்ந்த பிள்ளைகளானால் முதலில் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். அம்மாக்களும் அடுப்பு வேலை ஓய்ந்த பிறகு நாலு பக்கம் புரட்டிப் பாருங்கள். அப்புறம் எல்லோருமாக உட்கார்ந்து படம் பாருங்கள். முடிந்ததும், எந்தச் சண்டை நன்றாக இருந்தது என்று கேட்காதீர்கள். "ரூவின் ஊர்க்காரர்கள் அனுப்பிய ரொட்டி எங்கே?" என்று கேளுங்கள்.