கொடுத்தவர்களைக் கேளுங்கள்!

பெற்றவளா, வளர்த்தவளா என்று ஒரு குழந்தைக்காக இரண்டு பேர் மல்லுக்கட்டும் நாடகம் டி.வி.யில் வந்தால் போதும், எங்கள் சாகுபுரத்தில் பெண்கள் இரண்டு கட்சியாகி விடுவோம். "பத்து மாசம் சுமந்தவளுக்குத்தான்" என்பார் ஒருத்தர். "ராத்திரி கண்முழிச்சவ யாரு?" என்று அடுத்தவர் மடக்குவார். குழந்தையைக் கைமாற்றி விட்டவர்களை மட்டும் யாரும் கேட்பதே இல்லை.

திருவனந்தபுரத்தில் இது நிஜமாகவே நடந்தது. 2020 அக்டோபரில் பிள்ளை பெற்ற ஓர் இளம்பெண், தன் சம்மதம் இல்லாமல் பெற்றோரே குழந்தையை எடுத்துப் போய்விட்டதாகப் புகார் கொடுத்தார். புகார் கொடுத்து மாதக்கணக்கான பிறகும், 2021 ஆகஸ்டில் மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சில் அந்தக் குழந்தையைத் தத்துக்காக ஓர் ஆந்திரத் தம்பதியிடம் ஒப்படைத்தது! அவர் தெருவில் உட்கார்ந்து போராடி, டி.என்.ஏ. சோதனையும் முடிந்து, நவம்பர் 24-ல் குடும்ப நீதிமன்றம் மூலமாகப் பிள்ளையை வாங்கினார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஆந்திரா அம்மா? மூன்று மாசம் குளிப்பாட்டி, சோறூட்டி, தொட்டிலாட்டியவள் என்ன தப்பு செய்தாள்?

தாயே மனசார ஒப்படைத்தாலும், மனசு மாற இரண்டு மாசம் அவகாசம் உண்டு என்கிறது 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். நம்ம பக்கமோ சொந்தத்துக்குள் வாய்வார்த்தையிலேயே பிள்ளை கைமாறுகிறது. பெரியவர்கள் பேசி முடிப்பார்கள், பச்சை உடம்புக்காரி தலையாட்டுவாள். 1956-ம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, தாய் சம்மதிக்காமல் தகப்பன்கூடத் தத்துக் கொடுக்க முடியாது. மாமியாரோ நாத்தனாரோ முடிவு செய்ய அதில் இடமே இல்லை.

- ஒரு வாசகி, சாகுபுரம்.