முடிந்தது என்று எப்போது சொல்வது?

தமிழ்க் கழக மலரில் தரவுத்தளத்தைப் பற்றி எழுதுகிறானே என்று வியக்க வேண்டாம். நம் கழகத்தினர் பலர் நாளை கணினித் துறையில்தான் பணியாற்றப் போகிறீர்கள். உங்களுக்கு முன்னே சென்ற ஒரு மூத்த மாணவனின் அனுபவம் இது.

நான் முதலில் சேர்ந்த நிறுவனம் வாடிக்கையாளர் விவரங்களைக் கசாண்ட்ரா தரவுத்தளத்தில் வைத்திருந்தது. ஃபேஸ்புக்கில் உருவாகி 2008இல் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட மென்பொருள் அது. ஒரே கணினியை நம்பாமல் தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும். ஒவ்வொரு தரவுக்கும் எத்தனை பிரதிகள் வேண்டும் என்பதை நாம்தான் குறிப்பிட வேண்டும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதை மூன்றாக்கும்படி மேலாளர் சொன்னார். கட்டளையிட்டேன், சில விநாடிகளில் ஏற்றுக்கொண்டது. "முடிந்தது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தப் போனேன்.

திரும்பி வருவதற்குள் புகார்கள் வந்துவிட்டன. பழைய வாடிக்கையாளர்கள் பலருக்கு "இப்படி ஒரு கணக்கே இல்லை" என்று பதில் போயிருந்தது.

தரவு அழியவில்லை. அந்தக் கட்டளை அமைப்பை மட்டுமே மாற்றும். பழைய தரவை நகலெடுக்காது. மூன்று கணினிகள் பொறுப்பேற்றன, ஆனால் இரண்டில் ஒன்றுமில்லை. எங்கள் செயலியோ மூன்றில் ஏதாவது ஒன்று பதில் சொன்னால் போதும் என்றிருந்தது. பெரும்பான்மையைக் கேட்டிருந்தாலும் தப்பியிருக்க முடியாது. வெறுமையான இரண்டும் சேர்ந்தாலே பெரும்பான்மைதானே!

சரியான வழி வேறு. முதலில், எல்லாப் பிரதிகளையும் கேட்ட பிறகே பதில் தரும்படி செயலியை மாற்ற வேண்டும். அப்போது ஒரு கணினி நின்றுபோனால் பதில் வராமல் போகலாம். "இல்லை" என்ற பொய்ப் பதில் வராது. அதன் பிறகே பிரதிகளின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும். அடுத்து, ஒவ்வொரு கணினியாக 'ரிப்பேர்' கட்டளையை ஓட்ட வேண்டும். 2.2ஆம் பதிப்பு முதல், முழு ரிப்பேர் வேண்டும் என்று தனியே குறிப்பிட வேண்டும். அனைத்தும் முடிந்ததா என்று சரிபார்த்த பின்னரே செயலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

நள்ளிரவில் செய்தால் போதாதா என்று சிலர் கேட்பர். தரவு மிகுந்திருந்தால் நகலெடுக்கும் வேலை மறுநாளும் தொடரும். வாடிக்கையாளரோ காலையிலேயே வந்துவிடுவார்.

கட்டளை தெரியாதது என் பிழையன்று. அது எனக்கு நன்றாகவே தெரியும். சரிபார்க்காமல் "முடிந்தது" என்றதுதான் பிழை. பெரியவர்கள் கேட்டால் உடனே ஆம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். "இன்னும் முடியவில்லை ஐயா, இரண்டு நாள் வேண்டும்" என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். என்னைக் கேட்டால், அதைத் தயங்காமல் சொல்வதே பொறுப்புள்ள பணியாளருக்கு அழகு.

தம்பி தங்கைகளே, முதல் வேலையில் சேரும்போது இதை மறவாதீர்கள்.