முந்நூறு சதுர அடியும் நடுக்கூரை விளக்கும்

சிறிய வீட்டுக்கு அறிவுரை வழங்குவோர் பெரிய கண்ணாடி மாட்டச் சொல்கிறார்கள். வெளிர்நிறம் பூசச் சொல்கிறார்கள். சித்தூர், திருப்பதிப் பகுதியின் டிட்கோ அடுக்ககங்களில் குடியேறியோரிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். ஆந்திர அரசு வகுத்த அளவுகள் மூன்று: 300, 365, 430 சதுர அடி. முதலாவதில் ஆறடிக்கு ஐந்தடிக் கட்டில் ஒன்றைப் போட்டாலே பத்தில் ஒரு பங்கு தீர்ந்தது. பாயோ விடிந்ததும் தரையைத் திருப்பித் தந்துவிடுகிறது. பாய் விரிப்பதை ஏழ்மையின் அடையாளமாக மட்டுமே காண்போர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

பழைய வீடுகளில் பொருள்களைச் சுமந்தது தரையன்று, சுவர். விளக்குக்கு மாடம், பானைகளுக்குப் பரண். இம்மண்ணின் தெலுங்கில் முன்னது கூடு, பின்னது அடக. இரு மொழியிலும் சொல் எஞ்சியிருக்கிறது. பொருள்தான் சுவரை விட்டுப் போய்விட்டது. டிட்கோவின் சுவரோ அச்சில் வார்த்த கான்கிரீட். பின்னால் அதைக் குடைந்து மாடம் வைக்க இயலாது. மின்கம்பிக் குழாயும் வார்ப்புக்கு முன்பே பதிக்கப்படுவது. எனவே விளக்கின் இடத்தை முடிவுசெய்பவர் பொறியாளரே, சமைப்பவர் அல்லர். கூரை நடுவே ஒரே விளக்கு என்று வரைபடம் தீர்மானித்துவிட்டால், சுவரோர மேடையில் காய் நறுக்குபவரின் நிழல் கத்தியின் மீதே விழும். 9 வாட் எல்.இ.டி.க்குப் பதில் 20 வாட் மாட்டினாலும் நிழல் விலகாது.

மேடைக்கு நேர்மேலே ஒரு குழாய், அறைக்கொரு பரண்: இவ்விரண்டும் அச்சிலேயே இடம்பெற வேண்டும். அதுவரை குடியிருப்போரின் இரசனையைக் குறைகூறுவோர் சற்றே வாய்மூடி இருக்கலாம்.