மறுபிறப்புக்குக் கருமாதி

பழைய பாணி வீடியோ ஆட்டங்களைப் பற்றிப் பேசினால் நம்மவர்கள் 'வெறும் நோஸ்டால்ஜியா' என்று முடித்துவிடுகிறார்கள். கைவசம் ஒரு சொல் இருந்துவிட்டால் யோசிக்க வேண்டியதில்லை. நான் பேச வந்தது ஏக்கத்தைப் பற்றி அல்ல. ஒரு படைப்பு இருக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பவன் யார் என்பதைப் பற்றி.

1989-ல் கொனாமி கம்பெனி, கேம் பாய் என்ற கைக்கருவிக்காகக் 'கேஸில்வேனியா: தி அட்வென்ச்சர்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. மேடைக்கு மேடை தாவிச் செல்லும் 'பிளாட்ஃபார்ம்' வகை. சவுக்கேந்திய நாயகன் ஊர்ந்து நடப்பான். சுமாரான சரக்குதான். 2009-ல் எம் டூ என்ற ஜப்பானியக் குழு, பழைய உருவத்தின் கட்டுக்குள்ளேயே நின்று அதைப் புதிதாகச் செய்தது. பெயர் 'ரீபர்த்', மறுபிறப்பு. மூலத்தின் மீதான விமர்சனம் என்றே அதைச் சொல்வேன். எது உருவத்தின் கட்டுப்பாடு, எது வெறும் மந்தம் என்று பிரித்துக் காட்டிய விமர்சனம்.

இது தட்டாக வரவில்லை. நின்டெண்டோவின் 'வீ' கருவிக்குள் இருந்த கடையில் மட்டுமே விற்றது. 2019 ஜனவரி இறுதியில் கடையை மூடினார்கள். அதே ஆண்டு மே மாதம் கொனாமி வெளியிட்ட தொகுப்பில் 1989-ன் ஆட்டம் இடம்பெற்றது. மூலம் உயிரோடு இருக்கிறது, மறுபிறப்புக்குத்தான் கருமாதி.

முன்பே வாங்கி வைத்திராதவனுக்குப் பூட்டு உடைத்த கருவியும் அதிலிருந்து எடுத்த பிரதியும்தான் வழி. 2008-ல் அந்தப் பூட்டைத் திறந்த உபாயம் வேடிக்கையானது. 'ஸெல்டா' ஆட்டமொன்றின் சேமிப்புக் கோப்பில் நாயகனின் குதிரைக்கு அளவு மீறிய நீளத்தில் பெயர் வைத்தார்கள். பெயர் தன் இடத்தைத் தாண்டி வழிந்தது. கருவி அந்நிய நிரலுக்குப் பணிந்தது.

திருட்டு என்கிறார்கள். நான் வங்கிக் குமாஸ்தா. லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று வங்கியிடம், ஒன்று வாடிக்கையாளரிடம். இங்கே காசையும் வாங்கிக்கொண்டு இரண்டு சாவியையும் விற்றவனே வைத்துக்கொள்கிறான். பிறகு கிளையையே மூடிவிடுகிறான். விற்பனையில் உள்ளதை நகலெடுப்பது திருட்டு, சரி. விற்க மறுப்பதை நகலெடுத்தால் பறிபோவது யாருடைய காசு?

நூலகங்கள் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த சமாதானம். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வு சொன்னது. இவற்றை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பயன்படுத்த நூலகங்கள் அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. பொழுதுபோக்குக்காக ஆடிவிடுவார்களாம்! நாவலை எவனாவது ரசித்துப் படித்துவிடுவான் என்று வாசகசாலையைப் பூட்டுவது போல.

பிரதி எடுக்க முடியாத படைப்புக்கு ஆயுள் இல்லை. முந்நூறு பிரதி அச்சடித்துக் காலம் தள்ளும் நமக்கு இது புரியாமலிருக்க நியாயமில்லை. பூட்டு உடைப்பவனைப் பதிப்பாசிரியன் என்று அழைக்கத் தயங்குகிறவர்கள், கடைக்காரனைக் காப்பாளன் என்று அழைப்பதையாவது நிறுத்தட்டும்.