இரத்தத்தில் வருவதா விசுவாசம்?

"நாங்கள் நான்கு தலைமுறைக் கத்தோலிக்கர்" என்னும் சொல் நம் பங்குகளில் ஒரு பட்டமாகவே புழங்கி வருகிறது. பெண் பார்க்கும் வீட்டிலும், திருவிழாக் கூட்டத்திலும், கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போதும் இப்பட்டம் முன்னே வந்து நிற்கும். இதை நாம் ஏற்பதற்கில்லை. தொழில் பரம்பரையாய் வரலாம். விசுவாசம் அவ்வாறு வருவதில்லை.

நடிப்பையே குலத்தொழிலாக்கிக்கொண்ட ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைப் பார்ப்போம். ரமோன் எஸ்தேவெஸ் 1940-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து குடியேறிய தந்தைக்கும் அயர்லாந்துத் தாய்க்கும் பிறந்தவர். ஸ்பானியப் பெயர் வாய்ப்புகளுக்குத் தடையாகவே, அவர் 'மார்ட்டின் ஷீன்' ஆனார். 'ஷீன்' என்பது, 1950-களில் தொலைக்காட்சி உரைகளால் நாடறிந்த ஆயர் ஃபுல்டன் ஷீனின் பெயர். ஆயரின் பெயரைச் சூடியதால் விசுவாசம் வந்துவிட்டதா? திருச்சபையை விட்டு விலகினார், மதுவுக்கு அடிமையானார். 1977-இல் பிலிப்பைன்சில், 'அப்போகலிப்ஸ் நவ்' படப்பிடிப்பின்போது மாரடைப்பால் சாவின் வாசலைக் கண்டார். 'காந்தி' படத்திற்காக இந்தியா வந்து நம் நாட்டு வறுமையைக் கண்டு கலங்கிய பின், 1981-இல் பாரிசில்தான் திருச்சபைக்குத் திரும்பினார். திருமுழுக்குப் பெற்றவரே நாற்பதை எட்டும் வயதில் மீண்டும் தேடித்தான் விசுவாசத்தைப் பெறவேண்டியிருந்தது.

அவருடைய பிள்ளைகள் நால்வரும் நடிப்புத் துறைக்கே வந்தனர். எமிலியோ, தந்தையின் அறிவுரைப்படி எஸ்தேவெஸ் என்னும் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார். கார்லோஸோ 'சார்லி ஷீன்' ஆனார். ஆயரின் பெயர் போதைக்கும் வழக்குகளுக்கும் செய்தித்தாள்களில் அடிபட்டது. "தகப்பன் ஒழுங்காய் வளர்க்கவில்லை" என்று இங்கே நம்மவர் சொல்லிவிடுவர். அதே வீடு, அதே தகப்பன், அதே உணவு மேசை. பிள்ளைகளின் வழிகள்தாம் வேறு. ஊதாரி மைந்தனுக்கும் மூத்தவனுக்கும் தகப்பன் ஒருவன்தானே?

1998-இல் சார்லி போதைப்பொருளை அளவுமீறி உட்கொண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அவர் நீதிமன்றத்தின் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர். அந்நிபந்தனைகளை மகன் மீறியதை நீதிமன்றத்திற்கு அறிவித்தவர் தந்தையே. குடும்ப மானமா, மகனின் உயிரா என்ற கேள்விக்கு அவர் தயங்காமல் விடை தந்தார். அம்மகன் உடனே திருந்திவிடவில்லை. 2011-இல் 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' தொடரிலிருந்து நீக்கப்பட்டதை உலகமே பார்த்தது. 2017-இன் இறுதியிலிருந்துதான் மதுவை விட்டிருப்பதாக அவரே கூறுகிறார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! (2010-இல் எமிலியோ இயக்கிய 'தி வே' படத்தில், இறந்த மகனின் சாம்பலைச் சுமந்து சந்தியாகப்பர் திருத்தலத்துக்கு நடந்து செல்லும் தகப்பனாக மார்ட்டின் நடித்தார். கலீசியாவிலிருந்து வந்த பாட்டனாருக்கு அப்படம் அர்ப்பணிக்கப்பட்டது.)

நம் பங்குகளில் நடப்பதென்ன? மகன் குடிக்கிறான் என்பது தெருவுக்கே தெரியும். வீட்டார் மட்டும் அறியாதவர்போல் இருப்பர். காவல் நிலையத்துக்குப் போனால் பணம் கொடுத்து மீட்பர். குடிநோய் மறுவாழ்வு மையத்தின் பேரைச் சொன்னாலோ, "எங்கள் குடும்பத்துக்கா சாமி?" என்று முகம் சுளிப்பர். கடைசியில் ஒரு மருந்து கண்டுபிடிப்பர்: "கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்." யாரோ பெற்ற ஏழைப் பெண்ணை இப்பரம்பரைப் பெருமைக்குப் பலியாக்குவதற்கு நற்செய்தியில் எங்கே இடம் இருக்கிறது? குடும்பச் செபமாலை தவறாத வீடுகளிலிருந்தும் இத்தகைய திருமணங்கள் பலிபீடத்தின் முன் வருகின்றன என்பதுதான் நம்மை வாட்டுகிறது.

"அமெரிக்க நடிகன் கதை நமக்கெதற்கு?" என்று கேட்பவருக்கு ஒன்று சொல்வோம். அந்த நடிகர் மகனுக்காக வெளிச்சத்தில் தலைகுனிந்து நின்றார். நாமோ தலைநிமிர்ந்து மூன்று ஓலை வாசிக்கிறோம். "தடை தெரிந்தவர் அறிவிக்கவும்" என்கிறோம். ஊர் முழுவதும் தெரிந்தும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. அடுத்த ஆண்டு அப்பெண்ணின் தகப்பனார் அறைவீட்டுக்கு வந்து, "ஏன் சாமி எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்கும்போது, நம் கையில் இருப்பது திருமுழுக்குப் பதிவேடு ஒன்றே. அதில் நான்கு தலைமுறைப் பெயர்களும் பிழையின்றி இருக்கின்றன.